நயினார் வீட்டுக் கிணற்றை இடித்த நாள்

மலை உச்சி மேகத்தில் மறைந்துவிட்டால் எனக்கு இன்றைக்கும் ஓரிடத்தில் உட்கார முடியாது. தொழிலை விட்டு வருடக்கணக்காகிறது. கடப்பாரை, பைப் ரிஞ்சு எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் மேற்கே கறுத்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். "இப்ப எங்க போவப் போறீங்க? உக்காருங்க செவனேன்னு" என்று வீட்டில் அதட்டுகிறார்கள். எங்கே போவது? யாரும் கூப்பிடவில்லை. கால்தான் கேட்கமாட்டேன் என்கிறது.

குழாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் ஆறேழு பேர் போன வாரம் வந்து, "ஐயா, உங்க அனுபவத்தக் கொஞ்சம் சொல்லுங்க" என்றீர்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால்தான். எழுதினால் கொஞ்சம் நிதானமாக இருப்பேன் என்று எழுதுகிறேன். அதுவும் இந்த ஒரு பக்கத்துக்குள் இரண்டு தடவை எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எந்தக் குழாய்க்கு எந்த மூட்டு, எவ்வளவு சரிவு என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது அது இல்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது எதை முதலில் செய்வது என்பதைச் சொல்கிறேன். அதில் நான் தேறாமல் போன ஒரு நாளைத்தான் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். நம்ம ஊரில் மலையில் பெய்கிற மழை ஏரிக்குப் போகிற வழியில் நாலைந்து தெருக்கள் பள்ளத்தில் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் பலமாகப் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் அந்தத் தெருக்களில் முழங்கால் தண்ணீர். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் வாசற்படியை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். மழை வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குவார்கள். அப்படி அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வீட்டு நடுவில் தண்ணீர் நிற்கும்.

எப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. "பூமியிலிருந்து ஊறுது" என்றார்கள். எனக்கு ஒரு நாள் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. எல்லாம் முற்றம் வைத்த வீடுகள். நாலு பக்கத்துக் கூரையும் முற்றத்தில் சரியும். முற்றத்து மூலையில் ஜலதாரை. அதிலிருந்து மண் குழாய் திண்ணைக்கு அடியில் ஓடித் தெருச் சாக்கடையில் விடும். தெருவில் தண்ணீர் உயர்ந்ததும் அதே குழாய் வழியாகச் சாக்கடை உள்ளே திரும்பி வந்துகொண்டிருந்தது. அடப்பாவிகளா, வாசலை அடைத்துவிட்டு வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறீர்களே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

குழாயின் தெருப்பக்க வாயில் ஒரு இரும்பு வளையம், அதில் தொங்குகிற கனத்த ரப்பர் மூடி. உள்ளேயிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும். வெளியேயிருந்து தள்ளினால் அழுந்தி மூடிக்கொள்ளும். இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்பு என்ன, கிணற்று மோட்டாரின் அடிவால்வைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் அந்தத் தெருக்களில் அதற்கு முன் யாரும் போட்டதில்லை. ஒரே வருடத்தில் இருபது வீடுகளுக்குப் போட்டேன். "சம்பந்தம் மூடி போட்டா ஒரு சொட்டு உள்ள வராது" என்று என் பேரையே வைத்து நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். தலைக்கனம் அப்படி.

முதல் அடி ஒரு காது குத்து வீட்டில் விழுந்தது. விருந்து முடிந்து எச்சில் இலையை எடுத்தவர்கள் முற்றத்தைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். ஒரு வாழையிலைத் துண்டும் மாலை நாரும் குழாயில் போய் மூடியின் இடுக்கில் சிக்கிக்கொண்டன. அன்று மலையில் பலத்த மழை. மூடி மூடவில்லை. மாமன் சீராக வந்த பட்டுப்பாவாடை சாக்கடையில் மிதந்தது. அந்த வீட்டுக்காரர் கடைத்தெருவில் வைத்து என் சட்டையைப் பிடித்தார். "ஒரு சொட்டு வராதுன்னியே, இப்ப மீன் புடிக்கலாம் வர்றியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாளே எல்லா வீட்டு ஜலதாரையிலும் கம்பி வலை போட்டேன். வீட்டுக்காரர்கள் தண்ணீரை மட்டும்தான் ஊற்றுவார்கள் என்று நினைத்தது என் முட்டாள்தனம். வீட்டுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பாடத்தைக் கம்பி வலை அளவுக்குத்தான் படித்தேன்.

நயினார் வீட்டுக்கு மூடி போட்டது அதற்கப்புறம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நிலம் வைத்திருந்த சமணக் குடும்பம். டவுனில் அந்தப் பள்ளத் தெருவில் ஒரு பழைய வீடு. பெரிய நயினாரின் மகன் கிராமத்தில் பயிரைப் பார்ப்பார். டவுன் வீட்டில் அவருடைய மனைவி தேவகுமாரி அம்மாவும், அம்மாவின் மாமனாரான பெரிய நயினாரும். அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஒல்லியாக, குரல் உயர்த்தாமல் பேசுவார். பெரியவருக்கு எண்பதை நெருங்கியிருக்கும். விரதங்களை விடாதவர்.

மூடியைக் காட்டியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது தோலாப்பா, ரப்பரா?"

"ரப்பர்மா. லாரி டயரு."

"நல்லா பாத்து சொல்லு. தோல்னா எங்க வீட்டுக்கு ஆவாது."

அந்தக் காலத்தில் குழாய்க்கும் அடிபம்புக்கும் தோல் வாஷர்தான். அதனால் அந்த வீட்டில் நகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. கொல்லையில் இருந்த கிணற்றில் சேந்தி, துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். "தண்ணி விஷயத்துல ஏகப்பட்ட கட்டுப்பாடுப்பா அந்த வூட்ல, நம்மளால ஆவாது சாமி" என்று என்னோடு வேலை செய்த கொத்தனார் ஏகாம்பரத்திடம் கேலி பேசியிருக்கிறேன். என்ன கட்டுப்பாடு, ஏன் என்று கேட்டதில்லை. அது என் வேலையில் சேராது என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் மூடி நன்றாக வேலை செய்தது. மூன்றாம் வருடம் கார்த்திகையில் அந்த மழை வந்தது.

அந்த வருடம் கிராமத்தில் நயினார் வீட்டுக் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. அங்கே வைத்திருந்த விதை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டைகளை வண்டியில் ஏற்றி டவுன் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவர்கள் நிலத்துக்கு மட்டும் இல்லை. அந்தக் கிராமத்தில் பாதிப் பேருக்கு மார்கழிப் பட்டத்துக்கு அதுதான் விதை. முற்றத்தை ஒட்டிய அறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். டவுன் வீட்டில் நான் போட்ட மூடி இருக்கிறது, பயமில்லை என்று மகன் தைரியம் சொன்னாராம். என் பேச்சை நம்பி வைத்த விதை அது. விதை நனைந்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், இல்லையென்றால் மூட்டையிலேயே முளைத்துவிடும். அடி வரிசை நனைந்தால் போதும், மேல் வரிசையும் போய்விடும்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு மழை இறங்கியது. நானும் ஏகாம்பரமும் அதே தெருவில் வேறு வீட்டில் இருந்தோம். நாலு மணிக்குத் தெருவில் இடுப்புத் தண்ணீர். மேல் வீட்டு மாடியிலிருந்து ஒருவர் கத்தினார்: "சம்பந்தம்! நயினார் வூட்டம்மா கூப்புடறாங்கப்பா! வூட்டுக்குள்ள தண்ணியாம்!"

தெருத் தண்ணீரில் இறங்கினேன். ஒரு சொட்டு வராது என்று சொன்ன வாய்.

வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் முற்றத்தைப் பார்த்தேன். தண்ணீர் நின்றது. ஆனால் சாக்கடை வாடையே இல்லை. நல்ல தண்ணீர். ஒரு நிமிடம் ஒன்றும் புரியாமல் நின்றேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். நாலு கூரையிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

என் மூடி சரியாகத்தான் மூடியிருந்தது. தெருத் தண்ணீர் அதை அழுத்திப் பிடித்திருந்தது. அதனால் வீட்டின் சொந்த மழை வெளியே போக வழியில்லை. தெருவை உள்ளே விடாமல் தடுத்தேன், வீட்டையே தொட்டியாக்கிவிட்டேன். முதல் இரண்டு வருடமும் தெரு வெள்ளம் வந்தபோது உள்ளூரில் மழை கம்மி, மலையில் பெய்தது கீழே வந்தது, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றாக வந்த அன்று என் பொய் வெளியே வந்தது. முற்றம் வானத்துக்குத் திறந்திருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். இருபது வீட்டுக்குப் போட்ட எனக்குத் தெரியவில்லை.

தம்பிகளா, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் கேள்வி, "உங்க வூட்டு மழை எங்க போவுது?" என்பதுதான். பின்னாளில் வேங்கிக்கால் பக்கம் புது வீடுகள் கட்டியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்கள். பலருக்குப் பதில் தெரியவில்லை. வெளித் தண்ணீரைத் தடுக்கிறவன் உள் தண்ணீருக்கு மாற்று வழி வைத்துவிட்டுத்தான் தடுக்க வேண்டும். சரி, அந்த வீட்டுக்குத் திரும்புகிறேன்.

முற்றத்துத் தண்ணீருக்கும் விதை அறையின் வாசற்படிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விதை அறைக்குள் மூட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அத்தனை மூட்டையையும் எங்கே எடுத்துப் போவது? கூடத்தில் கூரை ஒழுகியது. முன் அறையில் பெரிய நயினார் கட்டிலில் படுத்திருந்தார். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"மூடியத் தொறந்துட்டா?" என்றான் ஏகாம்பரம்.

"தெருவுல தண்ணி ஜாஸ்தி. தொறந்தா சாக்கடை உள்ள வரும்."

"மொண்டு ஊத்தலாமா?"

ஊற்றிப் பார்த்தோம். ஆளுக்கொரு தவலையில் மொண்டு வாசலுக்கு வெளியே வீசினோம். இருபது தவலை வீசிவிட்டுப் பார்த்தால் தண்ணீர் ஒரு விரல் ஏறியிருந்தது. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போதுதான் கொல்லைச் சுவர் கண்ணில் பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டியாற்போலக் கிணறு. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ரொம்பக் கீழே கிடந்தது. இந்த முற்றத்துத் தண்ணீரை இரண்டு தடவை வாங்கிக்கொள்ளும். சுவரில் ஒரு ஓட்டை, கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு ஓட்டை. கால் மணி நேர வேலை.

கடப்பாரையை எடுத்தேன்.

ஏகாம்பரம் என் கையைப் பிடித்தான். "யோவ், அது அவுங்க குடிக்கிற கெணறு. அம்மாவ ஒரு வார்த்த கேளுப்பா."

அம்மா பத்தடி தூரத்தில் இருந்தார். கதவு திறந்திருந்தது. மூட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை.

"கேட்டா வேணாம்பாங்க" என்றேன். "தோலா ரப்பரான்னு கேக்கற வூடு. பேசிட்டு நிக்க நேரமில்ல. இடி!"

இடித்தோம். மண் சாந்து போட்ட பழைய சுவர், நாலு குத்தில் விட்டுக்கொடுத்தது. முற்றத்துத் தண்ணீர் கூரைக் குப்பையையும் மண்ணையும் அடித்துக்கொண்டு கிணற்றுக்குள் விழுந்தது. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு என்ன சந்தோஷம் தெரியுமா! விதை அறையின் படிக்கு மூன்று விரல் கீழே தண்ணீர் நின்றது, பிறகு இறங்கியது. ஏகாம்பரத்தின் முதுகில் ஓங்கித் தட்டினேன். "பாத்தியா? கேட்டுக்கினு நின்னிருந்தா அம்புட்டும் போயிருக்கும்" என்றேன்.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார். சுவரைப் பார்த்தார். கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பதிலை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"மாமாவுக்கு இன்னும் தண்ணி சேந்தலையே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இருக்காதா?

இல்லை. பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வடிகட்டிய தண்ணீரை அந்த வீட்டில் சேர்த்து வைப்பதில்லை. நேரம் போனால் அதில் மறுபடியும் உயிர்கள் உண்டாகும் என்பது அவர்கள் கணக்கு. வேண்டியபோது சேந்தி, வேண்டியபோது வடிகட்டுவார்கள். அன்று பெரியவருக்கு ஒரு வேளை விரதம். நாளெல்லாம் ஒன்றும் தொடாமல், பொழுது சாய்வதற்குள் ஒரே தடவை சாப்பிட்டுத் தண்ணீர் குடிப்பார். நாலு மணிக்கு அது நடந்திருக்க வேண்டும். நாலு மணிக்கு வெள்ளம் வந்துவிட்டது. பொழுது இறங்கியபின் அவர் சோறும் தொடமாட்டார், தண்ணீரும் தொடமாட்டார். காய்ச்சல் விட்ட உடம்பு, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது.

"மழத் தண்ணியப் புடிச்சிக் குடுங்கம்மா" என்றேன்.

"விரதத்துல கெணத்துத் தண்ணி தவிர எதுவும் எடுக்க மாட்டாரு."

"மணி இன்னா?"

"அஞ்சாவப் போவுது. அஞ்சே முக்காலுக்குள்ள குடிக்கணும்."

பித்தளைக் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன். இடுப்புத் தண்ணீரில் யார் ஓட முடியும்? அந்தத் தெருவில் கிணறு வைத்திருந்த மற்ற வீடுகளில் எல்லாம் சாக்கடை கலந்துவிட்டது. மேட்டில், மலைப் பக்கமாக, ராஜம்மா என்று பூ வியாபாரம் செய்கிற ஒரு அம்மாவின் மல்லிகைத் தோட்டக் கிணறு இருந்தது. சாதாரண நாளில் கால் மணி நடை. அன்று எதிர்த்து வருகிற தண்ணீரில் ஒவ்வொரு அடியாக வைத்தேன். ஒரு திருப்பத்தில் விழுந்து குடம் கையை விட்டுப் போனது. நீந்திப் போய்ப் பிடித்தேன். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கேட்காமலேயே சேந்த ஆரம்பித்தேன். ராஜம்மா என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணிலயே வந்து தண்ணி சேந்தறியா?" என்று கேட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

போகும்போது வெறும் குடம். வரும்போது நிறைகுடம், தெருத் தண்ணீர் ஒரு துளி கலக்காமல் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவசரப்பட்டால் தளும்பும், மெதுவாக வந்தால் நேரம் போகும். வாழ்க்கையில் அப்படி நான் தவித்ததில்லை.

வாசற்படி ஏறியபோது சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.

அம்மா குடத்தை வாங்கிக் கீழே வைத்தார். வடிகட்டும் துணியை எடுக்கவில்லை.

"அம்மா, அஞ்சு நிமிஷம்தானே! நாலு மணியிலருந்து வானம் இருட்டுதான். சூரியனையே காணோம். எறங்கிச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும்" என்றார் அம்மா.

கட்டிலிலிருந்து பெரியவர் கையைத் தூக்கினார். உதடு வெடித்திருந்தது. "வெச்சிட்டுப் போப்பா. காலைல ஆவட்டும்" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வாசலில் நின்று அழுதுவிட்டேன். முப்பது வயது ஆள், பொம்பளைப் பிள்ளை மாதிரி அழுகிறானே என்று ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வெதையக் காப்பாத்தத்தானம்மா இடிச்சேன்" என்றேன்.

"தெரியும்பா. இடிச்சது தப்பில்ல" என்றார் அம்மா. "எங்கிட்டக் கேட்டிருந்தா ஒரு கொடம் சேந்திக்கிட்டு, கடப்பாரைய நானே உன் கைல குடுத்திருப்பேன்."

ஒரு குடம் சேந்த எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே எண்ணிப் பாருங்கள். ஏகாம்பரத்தின் முதுகில் தட்டிப் பெருமை பேசினேனே, அதைவிடக் கம்மி. வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று அவர்கள் சொல்ல வேண்டிய பதிலை நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் வீட்டில் எது போகலாம், எது போகக்கூடாது என்பதை அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். தண்ணீர் ஏறுகிறபோது கேட்க நேரமில்லை என்று உங்களுக்கும் தோன்றும். எனக்குத் தோன்றியது. கேளுங்கள். ஒரு கையால் வேலை செய்துகொண்டே கேளுங்கள், கத்திக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

விதைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கிராமத்தில் மார்கழியில் விதைத்தார்கள். கிணற்றை நானும் ஏகாம்பரமும் இறைத்துச் சேறெடுத்துக் கொடுக்கத் தை பிறந்துவிட்டது. முற்றத்துக் கூரைகளுக்குத் தகரக் கால்வாய் அடித்து, அந்தத் தண்ணீர் கொல்லை வழியாகத் தொலைவில் இருந்த தாழ்வான தோப்புக்குப் போகத் தனிக் குழாய் போட்டேன். மூடி போட்ட மற்ற எல்லா வீட்டுக்கும் அப்படியே செய்தேன். அதெல்லாம் பின்னால் நடந்தவை.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் தூங்கவில்லை. விடியற்காலையில் மழை விட்டிருந்தது. ஆறு மணிக்கெல்லாம் அவர்கள் வாசலில் நின்றேன். உள்ளே போகப் பயம். அம்மாதான் பார்த்துவிட்டு, "வாப்பா" என்றார்.

பெரியவருக்கு மூச்சிருந்தது. கண் குழிந்து கிடந்தார். வெயில் முற்றத்துச் சுவரில் விழுந்து கொஞ்ச நேரம் ஆகும்வரை அம்மா காத்திருந்தார். பிறகு தடித்த வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து, நான் கொண்டுவந்த தண்ணீரை அதில் விட்டார். ஒரு சொம்பு நிரம்பியது. மாமனாரைத் தாங்கிப் பிடித்துப் புகட்டினார். பெரியவர் மெல்ல மெல்லக் குடித்தார். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரத்தில் கஞ்சி குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்குத் தரையில் கால் பட்டது.

கிளம்பும்போது அம்மா கூப்பிட்டார். வடிகட்டிய துணியைத் திருப்பிப் போட்டு, வடிகட்டின தண்ணீர் விட்டு அலசி, அந்த அலசலை ஒரு சின்னச் சொம்பில் பிடித்து வைத்திருந்தார். சொம்பின் கழுத்தில் ஒரு கயிறு, அடியில் ஒரு கயிறு.

"இது இன்னாம்மா?"

"துணியில தங்கன உசுருங்க. எந்தக் கெணத்துலருந்து வந்துச்சோ அங்கதான் இதுங்களால பொழைக்க முடியும். எங்க கெணத்துத் தண்ணியா இருந்தா நானே விட்டிருப்பேன். இது நீ கொண்டாந்தது. நீதான் கொண்டுபோய் விடணும்."

நான் சொம்புக்குள் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. நேற்று ஒரு கிணற்றையே மண்ணால் நிரப்பினவன் கையில் அதைக் கொடுக்கிறாரே என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கேலி செய்யவில்லை.

"மேலருந்து கொட்டிடாதே. தண்ணியத் தொடற வரிக்கும் எறக்கிட்டு, அடிக் கயித்த இழுத்துக் கவுத்துடு" என்றார்.

தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு வடிந்திருந்தது. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதே மேட்டுக்கு நடந்தேன். தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள், அவரவர் வீட்டில் நூறு வேலை. அப்புறம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

ராஜம்மா மல்லிகைச் செடிக்கு அடியில் நின்ற தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தது. "இன்னா தம்பி, இன்னும் ஒரு கொடம் வேணுமா?" என்றது.

"வேணாம்மா. நேத்து கொண்டுபோனதுல கொஞ்சம் திருப்பி விட வந்தேன்."

அது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. "இவ்ளோண்டு தண்ணியையா?"

"விடலாங்களா?" என்று கேட்டேன்.

"உட்டுட்டுப் போயேன்" என்று சிரித்தது.

கிணற்றுச் சுவரில் வயிறு படச் சாய்ந்துகொண்டு கழுத்துக் கயிற்றைப் பிடித்து விரல் விரலாக விட்டேன். சொம்பு தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தினேன். பிறகு அடிக் கயிற்றை இழுத்தேன். என் கை அவ்வளவு மெதுவாக வேலை செய்தது அதுதான் முதல் தடவை.